கழுத்தில் மாட்டிய வலை

தூத்துக்குடி பழைய பஸ் நிலையத்தில் வந்து இறங்கும் கல்லூரிப் பெண்களில் பாதிப் பேர் தோளில் குறுக்காக ஒரு சின்னப் பை மாட்டியிருக்கிறார்கள். உள்ளே போன், பஸ் பாஸ், கொஞ்சம் சில்லறை, ஒரு கைக்குட்டை. இரண்டு கையும் வீசி நடக்கலாம், ஸ்கூட்டி ஓட்டலாம், ஓடிப்போய் பஸ்ஸில் ஏறலாம். நூலில் கையால் பின்னிய பை என்றால் மதிப்பு இன்னும் கூடுதல். நேற்று முளைத்த நாகரிகம் என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். எங்கள் கரையில் இப்படி நூல்பை மாட்டியவர்கள் ஆண்கள். மாட்டிக்கொண்டு போனது கடலின் அடிக்கு.

என் தாத்தா குளியாள். 1955 முதல் 1961 வரை தூத்துக்குடிக் கடலில் தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்புகளில் இறங்கியவர். 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பார் என்று நாங்கள் சொல்லும் கடலடிப் பாறைத்திட்டுகளில் சிப்பி இல்லாமல் போனது. எனக்கு விவரம் தெரிந்தபோது தாத்தா சங்கு குளித்துக்கொண்டிருந்தார்.

இரண்டு குளிப்புக்கும் பை வேறு. முத்துச்சிப்பி பார் மீது கூட்டம் கூட்டமாக ஒட்டிக் கிடக்கும். கல்லில் கால் வைத்து இறங்குகிறவன் இருந்த இடத்திலேயே இரண்டு கையாலும் வாரிப் பையில் போடுவான். பை தனிக் கயிற்றில் இறங்கும், தோணியில் நிற்கிற ஆள் அதை இழுத்துக்கொள்வார். சங்கு அப்படிக் கிடைக்காது. மணலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பாதி புதைந்து கிடக்கும். எட்டுப் பாகம், பத்துப் பாகம் ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு நீந்தி நீந்தித் தேட வேண்டும். அந்த வேலைக்குக் கயிற்றில் தொங்கும் பை உதவாது, ஆளோடு கூடவே வர வேண்டும். கையில் பிடித்தால் ஒரு கை போய்விடும். ஆகவே கழுத்தில் மாட்டி, வாரை ஒரு தோளுக்குக் கீழே வாங்கி, பையை விலாப்பக்கம் ஒதுக்கிக்கொள்வார் தாத்தா. கையை விடுவிக்க வேண்டும் என்ற அதே தேவைதான் ஸ்கூட்டி ஓட்டும் பெண்ணுக்கும்.

அந்தப் பையைக் கட்டியது ஆச்சி. மூங்கிலில் சீவிய வலை ஊசி, அதில் சுற்றிய பருத்தி முறுக்குநூல், கண்ணின் அளவைக் காட்டும் ஒரு மூங்கில் சில்லு. ஆச்சியின் கருவிகள் இவ்வளவே. சில்லின் மேல் நூலைச் சுற்றி, மேல் கண்ணுக்குள் ஊசியை விட்டு இழுத்து, பெருவிரலால் அமுக்கிக்கொண்டு முடிச்சுப் போடுவாள். ஒரு கண் முடிந்ததும் அடுத்த கண். பேசிக்கொண்டே கட்டுவாள், செபமாலை சொல்லிக்கொண்டே கட்டுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஊசிக்கு நூல் சுற்றிக் கொடுப்பேன்.

“ஏளா, கண்ணு ஒண்ணுபோல வரணும். ஒண்ணு பெருசாப் போச்சுன்னா பாரம் பூரா அதுலதான் போய் உக்காரும்.”

பிற்பாடு தையல் டீச்சராகி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தேன். இதைவிடச் சரியான பாடம் எதையும் நான் சொன்னதில்லை. கண் சிறுத்தால் மணல் உள்ளேயே தங்கிவிடும், பை கல்லாய்க் கனக்கும். பெருத்தால் சங்கு நழுவும். தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும், சரக்கு தங்க வேண்டும். அந்தக் கணக்கு ஆச்சியின் விரலில் இருந்தது. வாரின் நீளத்தை மட்டும் அவள் தானாக முடிவுசெய்ய மாட்டாள். தாத்தாவை நிற்க வைத்து, கழுத்திலிருந்து இடுப்பு வரை கயிற்றைப் பிடித்துப் பார்த்துத்தான் அறுப்பாள். பை தொடைக்கு இறங்கினால் கால் அடிக்க முடியாது, நெஞ்சுக்கு ஏறினால் கையை மறிக்கும் என்பார் தாத்தா. கட்டி முடித்த பை பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறி, கறுத்து, வெயிலில் காயும். பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் மட்கும் என்பதால் வலைக்கும் அதே சாறு, பைக்கும் அதே சாறு.

அந்தப் பையில் ஏறி வந்த சங்கு எங்கள் ஊரில் தங்கியதில்லை. வங்காளத்துக்குப் போகும். அறுத்து, தேய்த்து, வளையாக்கி, அங்கே மணப்பெண்ணின் கையில் ஏற்றுவார்கள். அந்த வளையில் பாதி ஆச்சியின் முடிச்சுக்கும் சேர வேண்டியது என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் வீட்டில் அந்தப் பைக்கு இடம் வெளிச்சுவர் ஆணியில். கவிச்சி அடிக்கும் என்று உள்ளே விடமாட்டார்கள். வீட்டுக்குள் மரியாதையாக இருந்தது வேறொரு பின்னல்: ரேடியோவுக்கு மேல் விரித்த குரோஷா விரிப்பு, பனிமய மாதா படத்துக்கு அடியில் போட்ட வட்டத் துணி, தலையணை உறையின் ஓரத்தில் தைத்த லேஸ். எல்லாம் அம்மா பின்னியவை. அம்மா கான்வென்டில் சிஸ்டர்களிடம் குரோஷா படித்தவள்.

தெற்குச் சீமையில் அந்த வேலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1820-களில் நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசா, 1844-இல் ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்து, அங்கேயும் அதைத் தொடங்கினார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லை எல்லாருக்கும் தெரியும். அவர் வீட்டம்மா சொல்லிக்கொடுத்த தொழிலால் அந்த மணல்காட்டுப் பெண்கள் கையில் சொந்தக் காசு புரண்டதை அதே அளவுக்குப் பேச வேண்டும். லேஸ் கடல் கடந்து விலை போனது. பெண்கள் கற்க வந்தார்கள், கற்றவர்கள் கையில் வருமானம் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து மிஷன் வீடுகளிலும் கான்வென்டுகளிலும் ஊசியும் நூலும் பாடத்தோடு பாடமாக வந்தன.

ஆச்சியின் ஊசியும் அம்மாவின் ஊசியும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தன. ஒன்றை ஒன்று பார்த்ததே இல்லை. நான் ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு முகம் மாறும். “கரை வேலை ஒனக்கு வேண்டாம். சிஸ்டர்ட்டப் போய்ப் படி” என்பாள். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. கடலை நம்பி வாழ்ந்த வீட்டின் பயம் அது, மகளை அதிலிருந்து நகர்த்திவிடும் அவசரம். ஆனாலும் ஒன்று உண்மை. வீட்டுக்குச் சோறு போட்ட பின்னல் வெளிச்சுவரில் தொங்கியது, தூசி தட்டுவதற்கு மட்டுமே தொடப்பட்ட பின்னல் நடுவீட்டில் இருந்தது. இன்று என் பேத்தியின் தோழிகள் காசு கொடுத்துத் தேடி வாங்குவது அந்த வெளிச்சுவர்ப் பையின் சாயலைத்தான். கண் கண்ணாகத் தெரியும் வலைப்பை. கடையில் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் ஒட்டியிருக்கிறது.

நூலைப் பற்றிச் சொல்லாமல் தூத்துக்குடியில் பின்னலைப் பற்றிப் பேச முடியாது. கோவில்பட்டிக் கரிசலில் விளைந்த பஞ்சு இந்தத் துறைமுகம் வழியாகத்தான் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியது. எங்கள் ஊரின் பெரிய தெருவுக்கே கிரேட் காட்டன் ரோடு என்று பெயர். பஞ்சு போகும், நூலாகவும் துணியாகவும் திரும்பும். 1888-இல் ஹார்வி சகோதரர்களின் கோரல் மில் இங்கேயே நூற்கத் தொடங்கியது. 1908 பிப்ரவரி கடைசியில் அந்த மில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். ஒன்பது நாளில் கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. அடுத்த சில நாட்களில் தலைவர்கள் இருவரும் சிறையில். ஹார்வி மில்கள் பிறகு மதுரா மில்ஸ் ஆகி, 1970-களில் மதுரா கோட்ஸ் ஆயின. அம்மா ரேடியோ விரிப்புக்கு வாங்கியதும், நான் தையல் வகுப்புக்கு வாங்கியதும் ஆங்கர் நூல்கண்டு. மதுரா கோட்ஸ் விற்ற நூல் அது. அந்தக் கம்பெனியின் வேரில் எங்கள் கோரல் மில்லும் உண்டு. ஆகவே குரோஷா பின்னுகிற பெண்ணிடம் அந்த ஒன்பது நாள் கதையை நான் சொல்லாமல் விடுவதில்லை. கையில் ஓடுகிற நூலை நூற்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் எப்படிக் கிடைத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

அறுபதுகளில் நைலான் வந்தது. மட்காது, சாறு ஊற்ற வேண்டாம், தினம் காய வைக்க வேண்டாம். மீனவனுக்கு அது பெரிய விடுதலை, மறுக்க முடியாது. ஆனால் வலையை இயந்திரம் பின்ன ஆரம்பித்தது. கரையில் கைக்கு மிஞ்சியது கிழிந்ததை ஒட்டுகிற வேலை மட்டும். ஆச்சியின் மூங்கில் சில்லு பரணுக்குப் போனது.

அதே பிளாஸ்டிக்கை, கொஞ்ச காலம் கழித்து, பெண்கள் வேறு ரூபத்தில் கையில் எடுத்தார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வளர்ந்தவர்களுக்கு வயர் கூடையைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கட்டுக் கட்டாக வண்ண வயர் வாங்கி, தெருத் திண்ணைகளில் உட்கார்ந்து பின்னினோம். சாதா முடிச்சு, பிஸ்கட் முடிச்சு, நெல்லிக்காய் முடிச்சு, சிவன் கண். சிவன் கண் போடத் தெரிந்தவள் தெருவில் ராணி. மாதா கோவில் தெருவில் கிறிஸ்தவப் பெண்கள் கூடிக் கூடி உட்கார்ந்து சிவன் கண் பின்னினோம், பெயரில் யாருக்கும் ஒரு நெருடலும் இல்லை. அந்த முடிச்சுகளில் ஆச்சியின் கை திரும்பி வந்ததாக எனக்குப் பட்டது. முடிச்சு நின்றால் கூடை நிற்கும், ஒரு வயர் அறுந்தாலும் மற்றவை தாங்கும். அந்தக் கூடைகளில் சில இன்னும் எங்கள் தெருவில் மீன் வாங்கப் போய் வருகின்றன. நடுவில் பாலித்தீன் பை இலவசமாக வந்து எல்லாவற்றையும் ஓரம் கட்டியது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அரசே இயக்கம் தொடங்கியது. கையில் ஒரு பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போ என்று சொல்ல ஓர் அரசாங்கம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஆச்சிமார் பை இல்லாமல் வாசல்படி தாண்டியதில்லை. இடுப்பில் சுருக்குப்பையாவது இருக்கும்.

இப்போது பேத்தி கதைக்கு வருகிறேன். சென்னையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவள் கேட்டாள்: “ஆச்சி, எனக்கு ஒரு ஸ்லிங் பேக் பின்னித் தர்றீங்களா? கடைல வாங்கினது வார் நீண்டு நீண்டு முட்டி வரைக்கும் வந்துட்டு.”

வாங்கிப் பார்த்தேன். அழகான குரோஷா வேலை. குறை பின்னியவள் கையில் இல்லை, பையின் அமைப்பில் இருக்கிறது. குரோஷா என்பது வளையத்துக்குள் வளையம். இழுத்தால் வளையம் நீளும், அதுதான் அதன் குணம். இரண்டு ஊசியில் பின்னுவது இன்னும் அதிகமாக நீளும். வாரையும் அதே பின்னலில் போட்டு, பையின் வாயோரம் இரண்டு இடத்தில் தைத்துவிட்டால், போனின் பாரம் முழுவதும் அந்த இரண்டு தையலில் தொங்கும். நாளாக ஆக வார் இறங்கும், வாய் கோணும்.

வலை கட்டுகிறவர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள். வலையின் மேலோரம் முழுவதும் ஒரு கயிறு ஓடும். இழுப்பைத் தாங்குவது அந்தக் கயிறு, கண்கள் மீனைப் பிடிக்க மட்டும். ஆச்சி தாத்தாவின் பையிலும் அப்படித்தான் செய்தாள். கழுத்துக் கயிறு பையின் வாயோடு நிற்காது. இரு பக்கமும் கண்களுக்குள் நுழைந்து கீழே இறங்கி, அடியைச் சுற்றி ஒரே வளையமாக வரும். பை கயிற்றில் உட்கார்ந்திருக்கும்.

பேத்திக்கு அதையே செய்தேன், உடம்பு அம்மாவின் குரோஷாவில், வார் ஆச்சியின் முறையில். பின்னத் தெரிந்தவர்களுக்காக அளவைச் சொல்கிறேன். தடித்த பருத்தி நூல் 100 கிராம் ஒரு பைக்குப் போதும். 4 மில்லிமீட்டர் ஊசி. 24 சங்கிலி போட்டு, அதன் ஒரு பக்கம் முழுதும் ஒற்றைப் பின்னல் போட்டு, முனையில் திரும்பி மறுபக்கமும் போட்டு வந்தால், அடியில் தையலே இல்லாமல் ஒரு சுற்று கிடைக்கும். இரு முனையிலும் ஒரு பின்னல் கூடுதலாகப் போட வேண்டும், ஆக 50. பிறகு கூட்டாமல் குறைக்காமல் சுற்றிச் சுற்றி மேலே போக வேண்டியதுதான். சுற்று தொடங்கும் இடத்தில் வேறு நிற நூல் ஒன்றைச் செருகி வைத்தால் எண்ணிக்கை தப்பாது. 13 சென்டிமீட்டர் அகலம், 19 சென்டிமீட்டர் உயரம் வந்தால் இன்றைய பெரிய போனும் உள்ளே நிற்கும். என் கைக்கு இது 40 சுற்றுக்குள் வந்துவிடும். இறுக்கிப் பின்னுகிறவர்களுக்கு இன்னும் சில சுற்று பிடிக்கும். கை ஆளுக்கு ஆள் வேறு, ஆகவே சுற்றை நம்பாமல் அளவுநாடாவை நம்புங்கள்.

வாருக்கு 5 மில்லிமீட்டர் முறுக்கிய பருத்திக் கயிறு. தோளுக்கு மேலே வருவது சுமார் 120 சென்டிமீட்டர், இரு பக்கமும் இறங்க 38, அடிக்கு 13, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தைக்க மீதி. மொத்தம் 180 என்று வெட்டலாம். பக்கவாட்டில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கயிற்றை உள்ளே வெளியே கோத்து இறக்கி, முனைகளை அடியில் சேர்த்து மெழுகு நூலால் கெட்டியாகத் தைக்க வேண்டும். உள்ளே பழைய நூல்புடவைத் துண்டில் ஓர் உறை, சில்லறைக்கு அதில் ஒரு சின்னப் பாக்கெட். உறை இல்லாத குரோஷா பையில் சாவி கண்ணுக்குள் நுழைந்து நூலைக் கிழிக்கும். மூட ஒரு சிரட்டைப் பொத்தான். இரும்பு ஊசியும் இரும்பு ஜிப்பும் எங்கள் ஊருக்கு ஆகாது. உப்பளக் காற்று சில வாரத்தில் துரு ஏற்றி, அந்தத் துரு வெள்ளை நூலில் இறங்கிவிடும். அலுமினிய ஊசி, இல்லையென்றால் மூங்கில் ஊசி.

கயிற்றின் முனைகளைச் சேர்ப்பதில் எனக்குத் திருப்தி வராமல், வலைக்காரர்கள் இருக்கும் திரேஸ்புரம் போனேன். வலை ஒட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கயிறு அடியைச் சுற்றி வருவதைக் கண்டதும், “இது சங்குப் பை மாதிரியில்லா இருக்கு” என்றார். பிறகு என்னிடம் கேட்காமலே என் தையலைப் பிரித்து, இரண்டு முனைகளின் புரிகளையும் ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பின்னி, எங்கே சேர்ந்தது என்றே தெரியாமல் செய்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலை தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார், படிக்கிறார்கள் என்றார். என் அம்மாவின் குரல்தான் அதில் கேட்டது.

படிக்கட்டும். ஆனால் படிக்கிற பிள்ளைக்கு இந்த முடிச்சு ஏன் தெரியக்கூடாது? ஒரு காலத்தில் கான்வென்டு ஊசியை உயர்வாகவும் கரை ஊசியைத் தாழ்வாகவும் வைத்தோம். இன்று இரண்டையும் கடையில் காசு கொடுத்து வாங்கப் பழகிவிட்டோம். முத்தையே பாருங்கள். எங்கள் கரையில், வேப்பலோடையில் 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை எடுத்ததே, அப்போதும் சிப்பிகள் வளர்ந்தது வலை போர்த்திய கூண்டுகளில்தான். முத்து போனாலும் வந்தாலும் வலை இந்தக் கரையில் இருந்தது. தையல் வகுப்பு நடத்தும் என் பழைய மாணவிகளிடம் சொல்லியிருக்கிறேன்: குரோஷா ஊசி கொடுக்கிற அன்றே வலை ஊசியும் கொடுங்கள். பரணிலிருந்து ஆச்சியின் சில்லை இறக்கி, அதே அளவில் மூங்கிலில் புதிதாகச் சீவக் கொடுத்திருக்கிறேன்.

பேத்தி பையோடு விடுதிக்குப் போனதும் போன் வந்தது. அறைத்தோழிகளுக்கும் வேண்டுமாம். ஒருத்தி நல்ல உயரம், ஒருத்தி குட்டை, ஒருத்திக்கு இடது தோளில்தான் மாட்டிப் பழக்கமாம். எல்லாருக்கும் ஒரே நீளத்தில் கயிறு வெட்டிவிடுங்கள் ஆச்சி, முடிச்சுப் போட்டுக் குறைத்துக்கொள்வார்கள் என்றாள். முடியாது என்றேன். ஒவ்வொருத்தியும் ஒரு தோளிலிருந்து எதிர்ப்பக்கத்து இடுப்பு எலும்பு வரை முன்னும் பின்னும் நூல் சுற்றி, சரியாக வெட்டி, நூலில் பெயர்ச்சீட்டு கட்டித் தபாலில் அனுப்ப வேண்டும். இரண்டு பேர் நூல் வந்துவிட்டது. உயரமானவளுடையது இன்னும் வரவில்லை.